தேம்ஸ் சேற்றுக்குள் ஒரு வெயில்காலம்

நீர்யானை! டிரஃபால்கர் சதுக்கத்தில் நீர்யானை! இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போதெல்லாம் குரல் தானாக ஏறிவிடுகிறது, எதிரில் இருப்பவர் நம்புகிறாரா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை, அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறேன். நெல்சன் தூண் நிற்கிறதே, சிவப்பு மாடி பஸ்கள் சுற்றிச் சுற்றி வருகின்றனவே, அந்த நட்ட நடு லண்டனில், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னால் நீர்யானைகள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு தேம்ஸில் மிதந்து கிடந்தன. ஏதோ நீர்யானை மாதிரி ஒன்று என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறதே, அதே இனம், அதே உடம்பு, அதே கொட்டாவி!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? 1950-களின் பிற்பகுதியில் சதுக்கத்தின் ஓரத்தில் புதுக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். எலும்பு வந்தது. மறுபடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. நீர்யானை, நேரான தந்தமுள்ள பிரம்மாண்டமான யானை, காண்டாமிருகம், காட்டெருது, மான்கள், கழுதைப்புலி, அப்புறம் சிங்கம். ஆமாம், சிங்கம்! சதுக்கத்தில் நான்கு வெண்கலச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன அல்லவா, சுற்றுலாப் பயணிகள் ஏறி நின்று படம் எடுப்பார்களே, அவற்றுக்கு எட்டும் தூரத்தில், மண்ணுக்கடியில், நிஜச் சிங்கத்தின் எலும்பு. எலும்பை மூடியிருந்த பழைய ஆற்றுச் சேற்றில் விதைகளும் இருந்தன, மகரந்தமும் இருந்தது. இன்று மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் ஒரு மேப்பிள் மரத்தின் விதை. நீரில் மிதந்து வளரும் முள்கொட்டைச் செடி, வடநாட்டில் சிங்காரா என்று அவித்து விற்கிறார்களே, அதன் கொட்டை. லண்டனில்!

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷம், எனக்காக. பஸ்ஸை எடுத்துவிடுங்கள், தூணை எடுத்துவிடுங்கள், தேசிய ஓவியக் கூடத்தை எடுத்துவிடுங்கள். வெயில். நல்ல கோடை வெயில், இன்றைய லண்டன் கோடையைவிடச் சில டிகிரி கூடுதலாக. அகலமாக, சோம்பலாக, பழுப்பாக ஓடுகிற ஆறு. கரையில் யானைகள் மிதித்து மிதித்துக் குழம்பிய சேறு, அதிலிருந்து எழும் சாண வாடை, அந்தச் சாணத்தைச் சுற்றி ரீங்காரமிடும் வண்டுகள், சற்றுத் தள்ளி ஓக் மரங்கள், புல்வெளி, புல்வெளியின் ஓரத்தில் படுத்திருக்கும் சிங்கம். இதில் ஒன்றுகூட நான் கற்பனையாகச் சேர்த்ததில்லை, அந்தச் சாண வண்டுகள் உட்பட! வண்டுகளின் இறக்கை ஓடுகள்கூட அந்தச் சேற்றில் கிடைத்திருக்கின்றன. இந்தக் காட்சியில் இல்லாதது ஒன்றே ஒன்று, மனிதன். அந்தக் காலத்து பிரிட்டனில் மனிதன் வாழ்ந்ததற்கு உறுதியான தடயம் இல்லை. உலகக் கடல்மட்டம் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயர்ந்திருந்த காலம் அது. பிரிட்டன் தீவாகத் துண்டிக்கப்பட்டிருந்தது, நீர்யானைகள் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டன, மனிதர்கள் வரவில்லை என்பதுதான் பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அத்தனை பெரிய தோட்டம், பார்க்க ஒரு ஆள் இல்லை!

பனியூழி என்றதும் லட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாத பனி என்றுதான் பலர் மனதில் படம் ஓடும். அப்படி இல்லை. பனி வரும், போகும். நடுநடுவே சில ஆயிரம், சில பதினாயிரம் ஆண்டுகளுக்கு உலகம் கதகதப்பாகிவிடும், இடைப்பனிக்காலம் என்று அதற்குப் பெயர். நாம் இப்போது வாழ்வதும் அப்படி ஒன்றில்தான். டிரஃபால்கர் நீர்யானைகள் வாழ்ந்தது நமக்கு முந்தைய இடைப்பனிக்காலத்தில். லண்டனோடு நிற்கவில்லை அவை. வடக்கே லீட்ஸ் நகரத்தில் 1852-ல் செங்கலுக்குக் களிமண் வெட்டியவர்கள் நீர்யானை எலும்புகளை எடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் அருகே பாரிங்டன் என்ற சின்ன ஊரில் சரளைக்கல் குழியிலிருந்து வந்த நீர்யானைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கோத்து, கேம்பிரிட்ஜ் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் முழு எலும்புக்கூடாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முன்னால் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்ல! அந்த வாயை, அந்தக் கோரைப்பற்களை, தூண் தூணாக நிற்கிற குட்டைக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள், அடுத்த கூட்டம் வந்தது, நான் அங்கேயே நின்றேன். காவலர் புன்னகைத்தார். நான் அவரிடமே போய், "இது கேம்பிரிட்ஜ்ஷயர் நீர்யானை, உள்ளூர்க்காரர்!" என்றேன். தினமும் அதோடு வேலை பார்க்கிறவரிடம்!

ஆனால் எலும்பு கிடைத்தால் மட்டும் போதுமா? அது எந்த வெப்பக் காலத்து எலும்பு என்று எப்படிப் பிரிப்பது? என்னைப் பைத்தியமாக அடித்தது இந்தக் கேள்விதான், இதற்கான பதில் ஒரு நீர்யானையைவிடப் பெரிய அதிசயம். ஆறுதான் பதில் சொல்கிறது, ஆறு தானே எழுதி வைத்திருக்கிறது. குளிர் காலகட்டத்தில் தேம்ஸ் பல கிளைகளாகப் பின்னி ஓடும், உறைபனி உடைத்துத் தள்ளும் கற்களை வாரிக் கொண்டுவந்து சரளையாகக் கொட்டும். உலகம் சூடானதும் அதே ஆறு அடங்கிப்போய், மெல்ல ஓடி, வண்டலும் களிமண்ணும் நத்தையோடும் இலையும் எலும்புமாகப் படிய வைக்கும். மறுபடி குளிர், மறுபடி சரளை. இதற்கிடையே நிலம் மெதுவாக, மிக மெதுவாக, உயர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு ஒவ்வொரு சுற்றிலும் கீழே அறுத்து இறங்குகிறது, பழைய படுகை பக்கவாட்டில் உயரத்தில் தங்கிவிடுகிறது. கோயில் குளத்துப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரை ஒட்டிய படி இளையது, மேலே ஏற ஏற வயது கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படிக்குள்ளும் இரண்டு குளிர்ச் சரளைகளுக்கு நடுவே ஒரு வெப்பக் காலத்துச் சேறு செருகியிருக்கிறது. டேவிட் பிரிட்ஜ்லண்ட் 1994-ல் தேம்ஸின் இந்த வரிசையை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதி வைத்தார். லண்டனில் ஏறி இறங்கும் தெருக்களில் நடக்கும்போது, இந்த ஏற்றம் 2 லட்சம் ஆண்டா, 3 லட்சம் ஆண்டா என்று கணக்குப் போடாமல் இப்போது என்னால் நடக்கவே முடிவதில்லை.

இல்ஃபோர்டுக்கு வாருங்கள். கிழக்கு லண்டனில் தமிழ் பேசிக்கொண்டே மளிகை வாங்கலாம், மரவள்ளிக்கிழங்கும் கறிவேப்பிலையும் கிடைக்கும், நமக்கு வீடு மாதிரி. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் செங்கல்மண் வெட்டிய குழிகளில் மாமத் யானைகள் குவியலாகக் கிடைத்தன. சர் அன்டோனியோ பிரேடி என்பவர் ஓடி ஓடிச் சேகரித்தார், தொழிலாளர்களிடம் சொல்லி வைத்து எலும்பு தெரிந்த உடனே ஆளனுப்பச் செய்தார். 1864-ல் தந்தங்களோடு முழு மண்டையோடு ஒன்று கிடைத்தது. பிரிட்டனில் அப்படி ஒன்று கிடைப்பது எவ்வளவு அரிது தெரியுமா! இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சொத்து. நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பை நிறைய முருங்கைக்காயை வைத்துக்கொண்டு அவரிடம் ஆரம்பித்துவிட்டேன். "அண்ணே, உங்க கடைக்குக் கீழே யானை இருந்திருக்கலாம், தெரியுமா?" அவர் தராசைக் கீழே வைத்தார். "உண்மையோ தம்பி? இருவது வருசமா இதிலதான் நிக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லையே!" பின்னால் நின்ற அக்கா ஒருவர், "என்ன யானை?" என்று கேட்டார். அவ்வளவுதான், கடை முழுக்க நான் நடத்திய சொற்பொழிவில் வரிசை கதவு வரை நீண்டுவிட்டது.

இனிமேல்தான் துப்பறியும் கதை. இல்ஃபோர்டுச் சேற்றையும் டிரஃபால்கர் சேற்றையும் மகரந்தம் எண்ணிப் பார்த்தவர்கள், மரங்களின் கலவை ஒத்துப்போகிறது, எனவே இரண்டும் ஒரே வெப்பக் காலம் என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். பாடப்புத்தகத்திலும் அப்படியே ஏறியது. ஆனால் எலும்புகள் ஒத்துழைக்கவில்லை! டிரஃபால்கரில் நீர்யானை உண்டு, குதிரை கிடையாது. இல்ஃபோர்டில் குதிரை உண்டு, மாமத் உண்டு, நீர்யானை கிடையாது. ஒரே ஆறு, சில மைல் இடைவெளி, ஒரே காலம் என்றால் நீர்யானை ஏன் இல்ஃபோர்டுக்குப் போகவில்லை? அதற்கு யார் வேலி போட்டார்கள்? ஆன்டனி சட்கிளிஃப் என்ற அருங்காட்சியக அறிஞர் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். இல்ஃபோர்டு மண் உயரமான படியில் இருக்கிறது, டிரஃபால்கர் மண் தாழ்ந்த படியில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வெப்பக் காலங்கள், நடுவே ஒரு முழுப் பனிக்காலமே ஓடிப்போயிருக்கிறது என்றார். எதிர்த்தார்கள், வாதாடினார்கள், கடைசியில் படிக்கட்டும் எலும்பும்தான் ஜெயித்தன. இல்ஃபோர்டு சுமார் 2 லட்சம் ஆண்டுப் பழசு! அது மட்டுமா, பக்கத்தில் ஏவ்லி என்ற ஊரில் 1964-ல் ஒரே குழியில் இரண்டு யானைகள் கிடைத்தன, கீழே காட்டில் வாழும் நேர்த்தந்த யானை, அதற்குக் கொஞ்சம் மேலே மண்ணில் புல்வெளியின் மாமத். காடு மெலிந்து புல்வெளி ஆனதை இரண்டு யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு சொல்கின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வரவும் வேண்டாம் என்றிருந்தது.

கடலும் இதற்குச் சாட்சி சொன்னது. 1973-ல் நிக் ஷாக்கிள்டனும் நீல் ஆப்டைக்கும் பசிபிக் கடலடியிலிருந்து எடுத்த ஒரு நீண்ட மண்தூணைப் படித்துக் காட்டினார்கள். அதிலுள்ள நுண்ணுயிர்களின் ஓட்டில் இருக்கும் ஆக்சிஜன், நிலத்தில் எவ்வளவு பனி குவிந்திருந்தது என்பதைக் காட்டிவிடும். பனி ஏறி இறங்கிய கணக்கு வரிசையாக எண் போட்டு வந்தது, ஒற்றைப்படை எண் வெப்பம், இரட்டைப்படை எண் குளிர். பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட அதிகமான வெப்பக் காலங்கள்! தேம்ஸின் படிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், ஆற்றோரத்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கிடைக்கிறது: ஸ்வான்ஸ்கம் 11, பர்ஃப்ளீட் 9, இல்ஃபோர்டு 7, டிரஃபால்கர் 5. பசிபிக்கின் அடியில் இருக்கும் சேறும் எங்கள் ஏரியா சேறும் ஒரே கதையைச் சொல்கின்றன. எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

படிக்கட்டின் உச்சி எங்கே தொடங்குகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. கிழக்கு லண்டனின் ஹார்ன்சர்ச்சில் 1892-ல் ரயில் பாதைக்காக நிலத்தை வெட்டியபோது டி. வி. ஹோம்ஸ் என்பவர் பார்த்தார், தேம்ஸ் சரளைக்கு அடியில் பனிப்பாறை இழுத்துவந்து போட்ட களிமண். சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன்னால் பனி அங்கே வரை வந்தது, வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வழியாக ஓடிக்கொண்டிருந்த தேம்ஸைத் தள்ளி இன்றைய பாதைக்கு விரட்டியது. லண்டனுக்கு ஆற்றைக் கொண்டுவந்து கொடுத்ததே பனிதான்.

ஸ்வான்ஸ்கமுக்கு நான் போனது ஒரு மழைநாளில். கென்ட் பக்கம் ரயிலில் இறங்கி நடந்தால் வந்துவிடும். பழைய சரளைக் குழி, இப்போது பூங்கா, நாயோடு நடக்கிறவர்கள், ஈரப் புல், கால் வைத்த இடமெல்லாம் வழுக்கல். இங்கேதான் 1935-ல் ஆல்வன் மார்ஸ்டன் ஒரு மண்டையோட்டின் பின்பகுதியைக் கண்டெடுத்தார். தொழில்முறை ஆராய்ச்சியாளர் இல்லை அவர், பல் மருத்துவர்! அடுத்த வருஷம் இடப்பக்கத் துண்டைக் கண்டுபிடித்தார். அது முதல் துண்டோடு பொருந்தியது. அப்புறம் உலகப் போரே வந்து போனது, குழி வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தது, 1955-ல் ஜான் வைமரும் கூட்டாளிகளும் தோண்டியபோது வலப்பக்கத் துண்டு கிடைத்தது. அதுவும் பொருந்தியது! ஒரே ஆள்! சுமார் 4 லட்சம் ஆண்டுகள் ஆற்றுச் சரளையில் கிடந்து, இருபது வருஷ இடைவெளியில் மூன்று துண்டாக வெளியே வந்து, ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே மண்டையோடு, அநேகமாக ஒரு பெண்ணுடையது, நியாண்டர்தால்களின் ஆரம்ப வம்சம். அந்த இடத்தில் குடையை மடக்கிவிட்டு நின்றேன், நனைந்தேன், நனைந்தது தெரியவே இல்லை. அவள் வெயிலில் நடந்திருப்பாள் இங்கே. அவள் காலத்து ஆற்றில் இன்றைய டான்யூப் நதியில் வாழும் நத்தைகளின் உறவுகள் ஊர்ந்தன. ரைன் நதியோடு தேம்ஸ் எங்கோ கைகோத்திருந்ததால் வந்து சேர்ந்தவை அவை. ஒரு நத்தை போதும், இரண்டு நதிகள் சந்தித்ததைச் சொல்ல.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு நூல் ஓடுகிறது. 1859-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவான்ஸும் பிரான்ஸின் சோம் நதிச் சரளையில் கல்லாயுதங்களும் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளும் ஒன்றாகக் கிடப்பதை உறுதிப்படுத்தினார்கள். அந்தச் செய்தி மதராஸ் வரை வந்தது. அதைப் படித்துக் கண்ணைத் தீட்டிக்கொண்டு அலைந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் கல்லாயுதத்தைக் கையில் எடுத்தார். பல்லாவரம்!

இப்போது சின்ன விஷயங்களுக்கு வருகிறேன், என் மனசு இங்கேதான் கிடக்கிறது. யானையையும் நீர்யானையையும் யார் வேண்டுமானாலும் கொண்டாடுவார்கள். நத்தையின் மூடியைக் கொண்டாட ஆள் வேண்டாமா? பித்தினியா என்று ஒரு நன்னீர் நத்தை. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு சுண்ணாம்பு மூடி வைத்திருக்கும், சில மில்லிமீட்டர்தான், வட்ட வட்டமாகக் கோடு போட்ட மூடி. நத்தை செத்து, ஓடு நொறுங்கி, எல்லாம் போனாலும் மூடி மட்டும் ஆற்றுச் சேற்றில் கிடக்கும். அந்த மூடியின் படிகத்துக்குள் கொஞ்சம் புரதம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை புரதத்தின் அமினோ அமிலங்கள் ஒரே திசையில் திரும்பி நிற்கும், செத்தபின் ஒவ்வொன்றாக, மெல்ல மெல்ல, எதிர்த் திசைக்குத் திரும்பும். எத்தனை திரும்பியிருக்கின்றன என்று எண்ணினால் எது பழையது, எது இளையது என்று வரிசைப்படுத்திவிடலாம். யார்க் பல்கலைக்கழகத்தின் கர்ஸ்டி பெங்க்மனும் சகாக்களும் பிரிட்டன் முழுக்க இப்படி மூடிகளை அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். படிக்கட்டு சொன்ன வரிசையும் மூடிகள் சொன்ன வரிசையும் ஒத்துப்போயின. ஒன்று புவியியல், இன்னொன்று வேதியியல், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் பதில் ஒன்று! அந்த வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதுதான், அப்புறம்தான் காபி.

வண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ரஸ்ஸல் கூப் என்ற மனிதர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், ஒரு பெரிய உண்மையைப் பிடித்தார்: லட்சக்கணக்கான ஆண்டுகளில் வண்டுகள் அநேகமாக மாறவே இல்லை, இடம்தான் மாறின. குளிர் வந்தால் தெற்கே, வெப்பம் வந்தால் வடக்கே. எனவே ஒரு சேற்றில் கிடைத்த வண்டுகள் எல்லாம் இன்று எங்கே வாழ்கின்றன என்று பார்த்து, அத்தனைக்கும் பொதுவாக ஒத்துவரும் வெப்பநிலையைக் கணக்கிட்டால், அந்தப் பழைய கோடையின் சூடு கையில் கிடைத்துவிடும். பனிக்காலத்து இங்கிலாந்துச் சேற்றில் அவர் கண்ட ஒரு சாண வண்டு, இன்று எங்கே வாழ்கிறது தெரியுமா? திபெத் பீடபூமியில்! 1973-ல் அதை வெளியிட்டார். சேற்றிலிருந்து வண்டை எடுக்கும் முறையை ஒரு ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சேற்றைக் கரைத்துச் சலித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, அதன்மேல் தண்ணீர் விடுகிறார்கள். அறை முழுக்க நம் பழைய ஸ்டவ் வாசனை. எண்ணெய் ஏறிய பூச்சித் துண்டுகள் மட்டும் மேலே மிதந்து வருகின்றன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பச்சை! உலோகப் பச்சை! இறக்கை ஓடு, ஒரு கீறல் இல்லாமல், நேற்று விழுந்தது மாதிரி பளபளக்கிறது. லட்சம் ஆண்டு இருட்டில் கிடந்த நிறம். நான் "ஐயோ" என்று தமிழிலேயே கத்திவிட்டேன், ஆய்வகத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சரி, மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள், வெஸ்ட் ரன்டனுக்குப் போகிறோம். நார்ஃபோக் கடற்கரை, க்ரோமருக்குப் பக்கத்தில். வடகடல் காற்று முகத்தில் அறைகிறது, காலுக்கடியில் உருளைக் கற்கள் கடகடவென்று நகர்கின்றன, எதிரே மஞ்சளும் பழுப்புமாகக் கடலோரக் குன்று, அதன் அடிவாரத்தில், பாருங்கள், பாருங்கள், கரேலென்று ஒரு பட்டை! அதுதான் ஆறு! 6, 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், தேம்ஸ் இன்றைய பாதைக்கு வருவதற்கும் முன்னால், ஒரு வெப்பக் காலத்தில் சோம்பலாக ஓடிய சிற்றாற்றின் படுகை, அப்படியே வெட்டிவைத்த குறுக்குமுகமாக, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1990-ல் ஒரு புயலுக்குப் பிறகு இந்தக் கரும்பட்டையிலிருந்து ஒரு பெரிய எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. 1995-ல் முழுமையாகத் தோண்டியபோது உள்ளே ஒரு புல்வெளி மாமத், ஆண், 40 வயதளவில், தோளுயரம் சுமார் 4 மீட்டர், எடை சுமார் 10 டன், எலும்புக்கூட்டில் 85 சதவீதம் பத்திரமாக! முழங்காலில் அடிபட்டிருந்தது, ஆற்றோரம் விழுந்தது, கழுதைப்புலிகள் வந்து கடித்தன. கழுதைப்புலியின் புழுக்கைகூடக் கிடைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அன்று என்னோடு வந்த புவியியல் நண்பர், கீழே விழுந்து கிடந்த கரும்மண் கட்டி ஒன்றை எடுத்து வாளியில் கரைத்தார், சல்லடையில் ஊற்றினார், ஈர மண்ணின் வாசனை குப்பென்று எழுந்தது, மக்கிய இலையும் குளத்துப் பாசியும் கலந்த வாசனை, 6 லட்சம் ஆண்டு மூடியிருந்த ஆற்றின் வாசனை, அதை நான் முகர்கிறேன்! சல்லடையில் வெள்ளை வெள்ளையாக ஓட்டுத் துணுக்குகள், ஒரு மீன் எலும்பு, விதை, அப்புறம் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாக, பளபளப்பாக ஒன்று. நண்பர் மூச்சே விடவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்தார். பல்! நீர் எலியின் கடைவாய்ப் பல், முக்கோண முக்கோணமாக மடிந்த எனாமல், அதன் அடியில், கவனியுங்கள், வேர்! இரண்டு குட்டி வேர்! வேர் உள்ள பல் என்றால் மிமோமிஸ் என்ற பழைய நீர் எலி. பிற்காலத்து வாரிசான ஆர்விகோலாவின் பற்களுக்கு வேர் கிடையாது, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பல்லைத் திருப்பிப் பார்த்தால் போதும், இந்த மண் 5 லட்சம் ஆண்டுக்கு முந்தையது என்று அந்தக் கடற்கரையிலேயே நின்றபடி சொல்லிவிடலாம், இதற்கு எலிக் கடிகாரம் என்று பெயர், அந்தக் கடிகாரத்தின் ஒரு முள் என் உள்ளங்கையில், ஈரமாக, கனமே இல்லாமல், நான் குதித்தேன், சத்தியமாகக் குதித்தேன், கற்கள் சறுக்கின, கடல் இரைந்தது, காற்றில் என் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை, "வேர் இருக்கு! வேர் இருக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

குறை ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஆறு எழுதியதைவிட அழித்தது அதிகம் என்பதைச் சொல்லலாம். பல வெப்பக் காலங்களின் ஒரு சில பக்கங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன, சில படிகளின் வயதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதனால் என்ன! மிஞ்சிய பக்கத்திலேயே சிங்கமும் சிங்காராவும் இருக்கின்றன.

என் தீர்ப்பு இது: பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுப்பதில் ஆற்றுச் சேற்றுக்கு இணையாக வேறொன்றும் இல்லை. எலும்பு ஊரைச் சொல்கிறது, வண்டு வெயிலைச் சொல்கிறது, மகரந்தம் காட்டைச் சொல்கிறது, நத்தை மூடி காலத்தைச் சொல்கிறது. நான்கும் ஒன்றையொன்று கேட்காமலே ஒத்துப்போகின்றன.

இங்கிலாந்தில் இருக்கிறீர்களா, அல்லது பிள்ளைகளைப் பார்க்க வருகிறீர்களா? அரண்மனையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் செட்ஜ்விக் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பாரிங்டன் நீர்யானை அங்கே நிற்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. வெஸ்ட் ரன்டனுக்குப் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு, நல்ல ஷூவும் ஒரு சின்ன லென்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள், பேரப் பிள்ளைகளை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றே ஒன்று மட்டும்: குன்றின் சுவரில் கை வைத்துத் தோண்டாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், சுவரும் இடிந்து விழும். கரையில் தானாக விழுந்து கிடக்கும் கரும்மண்ணே ஒரு நாள் முழுக்கப் பார்க்கப் போதும்.